ஆலோசகர் தேர்வில் 80-க்கு 20: யார் வைத்த கணக்கு?

வட்டக்கோட்டை:
கன்னியாகுமரி மாவட்டத்தில் நம்ம பேரூராட்சி கடற்கரையில் பயணியர் விடுதி, சாப்பாட்டுக் கூடம், கழிப்பறை கட்டப்போகிறது. அதற்கு ஆலோசகரைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி நேற்று ஒருவர், "12 லட்சம் கேட்டவரை விட்டுவிட்டு 20 லட்சம் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டார்கள், பகல் கொள்ளை" என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட அறிக்கை தயாரிப்பது மணல் லாரி வாடகைக்குப் பிடிப்பது போலவா? தரத்துக்கு 80, விலைக்கு 20 என்று ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இருக்கிறது. தரத்தில் 20 லட்சம் கேட்டவர் 90, 12 லட்சம் கேட்டவர் 75; அதில் 80 சதவீதம் கணக்கு. விலையில் குறைத்துக் கேட்டவருக்கு முழு 20, மற்றவருக்கு அந்த விகிதத்தில் குறையும். 20 லட்சம் கேட்டவருக்கு 72-ம் 12-ம் சேர்த்து 84. 12 லட்சம் கேட்டவருக்கு 60-ம் 20-ம் சேர்த்து 80. கொள்ளை எங்கே?

மணக்குடிக்காரன்:
எழுதியது நான்தான் அண்ணாச்சி. பெயர் சொல்லியே திட்டலாம். அதே கணக்கை 70-க்கு 30 என்று போட்டுப் பாருங்கள். அவருக்கு 81, இவருக்கு 82.5. குறைத்துக் கேட்டவர் ஜெயிக்கிறார். அப்போ இந்த 80 யார் வைத்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வட்டக்கோட்டை:
விலை உறையைப் பிரிக்கும் முன்பே வைத்த 80 அது. ஒவ்வொருவரும் இரண்டு உறை தருவார்கள்; தரத்தைப் பார்க்கும் தொழில்நுட்ப உறை முதலில், விலை உறை அப்புறம். யார் எவ்வளவு கேட்பார் என்று தெரியாதபோது வைத்தது ஒருவருக்காக எப்படி ஆகும்?

மணக்குடிக்காரன்:
உறை தெரியாது, ஆள் தெரியும். பெரிய கம்பெனி கூடுதலாகத்தான் கேட்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டின் 1998 ஒப்பந்தப்புள்ளிச் சட்டம் குறைந்த விலைக்குத்தான் கொடுக்கச் சொல்கிறது. 80 யார் வைத்தது?

வட்டக்கோட்டை:
சட்டத்தையும் பாதிதான் படித்திருக்கிறீர்கள். ஆவணத்தில் சொன்ன அளவுகோல்களுக்கு எடை போட்டுத்தான் எது குறைந்தது என்று முடிவு செய்ய வேண்டும், 10-ம் பிரிவைப் பாருங்கள். கடலை ஒட்டிக் கட்டுகிறோம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கு வரைபடம் போடத் தெரியாதவர் 12 லட்சத்துக்கு எழுதித் தந்தால் அந்த அறிக்கை திரும்பி வரும். மறுபடி ஒரு ஆலோசகர், மறுபடி ஒரு 12 லட்சம். பஸ் நிலைய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஆவணத்தைத் திறக்காமலே பத்து நாள் பேசினீர்கள். எனக்கு மறக்கவில்லை.

முட்டத்துக்காரி:
அண்ணன்மாரே, தரத்தில் 90, 75 என்கிறீர்களே, எதற்கு அந்த மார்க்? அந்த ஆலோசகர்கள் சீசனில் இங்கே வந்து பார்த்தார்களா? போன மார்கழியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கைப்பிடி உடைந்த ஒரே வாளி, அதை வரிசையில் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தோம். சபரிமலைக்குப் போய்த் திரும்பும் வேன்காரர்கள் பக்கத்திலேயே ரோட்டோரம் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்தவருக்கு மார்க் உண்டா?

மணக்குடிக்காரன்:
நல்லா கேட்டீங்க தங்கச்சி. பார்க்காத ஆளுக்கு 90 போட்டவர்தான் 80-ம் வைத்திருப்பார்.

வட்டக்கோட்டை:
பார்த்தாரா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததைப் பேசாதீர்கள்.

குழித்துறைத் தம்பி:
விடுதி, கூடம் எல்லாம் மாவட்டத்தின் கிழக்கேயேதான் வர வேண்டுமா? 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே திறந்த கண்ணாடிப் பாலமும் அங்கேதான், 77 மீட்டருக்கு 37 கோடி. 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு மேற்கே என்ன செய்தார்கள்? திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டுச் சேலை மாற்ற ஒழுங்கான இடம் உண்டா?

தோவாளைப்பூ:
கிழக்கு மேற்கு இங்கே எதற்கு மக்கா? பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மாவட்டத்தில் இருக்கிறது, நிர்வாகம் கேரளாவிடம். 1956-ல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்து இத்தனை வருஷம் ஆச்சு. அதைக் கேட்க ஆள் இல்லை.

குழித்துறைத் தம்பி:
கேரளா அரண்மனையைச் சுத்தமாக வைத்திருக்கிறது. நம்ம கையில் இருப்பதைச் சொல்லுங்கள் அண்ணே.

தோவாளைப்பூ:
அப்போ திருவனந்தபுரத்துக்கே குடிபோய்விடுங்கள்!

வட்டக்கோட்டை:
விஷயத்தை விட்டு ஓடாதீர்கள். நான் கேட்டது ஒன்றுதான். ஆவணம் வெளிவந்த அன்றே அதில் 80 இருந்தது. கேள்வி கேட்க நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு 12 லட்சத்துக்காரர் வாய் திறந்தாரா? தோற்ற பிறகுதான் 80 உறுத்துகிறது.

மணக்குடிக்காரன்:
அவர் கேட்காவிட்டால் வரி கட்டுகிற நான் கேட்கக்கூடாதா? 8 லட்சம் வித்தியாசம். அதில் தங்கச்சி சொன்ன கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள் போட்டிருக்கலாம்.

வட்டக்கோட்டை:
தாழ்ப்பாள் போடுவது பராமரிப்பு நிதி. ஆலோசகர் கட்டணத்தில் அதை எடுக்க முடியாது. இதுவும் தெரியாதா?

முட்டத்துக்காரி:
அந்த நிதியில்தான் ஏன் போடவில்லை?

மணக்குடிக்காரன்:
அதை அவர் சொல்லமாட்டார் தங்கச்சி. அண்ணாச்சி, கடைசியாகக் கேட்கிறேன், 80 யார் வைத்தது?

வட்டக்கோட்டை:
ஆவணத்தின் மதிப்பீட்டுப் பக்கத்தை நாளைக் காலையில் படம் பிடித்துப் போடுகிறேன். அதற்குள் நீங்கள் 10-ம் பிரிவை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.