அஞ்சு சீட்டு, ரெண்டு போர்டு: இதையும் ஒரு ஆட்டம்னு ஒத்துக்கலாமா?

சோழிங்கநல்லூர் ரிவர்:
எங்க ஆபீஸ் கூட்டத்துல ரொம்ப நாளா ஒரு போக்கர் ஓடுது. காசு கிடையாது, வெறும் சிப்புதான். ஆளுக்கு அஞ்சு சீட்டு. நடுவுல எல்லாருக்கும் பொதுவான சீட்டு ரெண்டு வரிசை (அதான் போர்டு), வரிசைக்கு அஞ்சு. ஃப்ளாப், அதாவது முதல் மூணு பொதுச் சீட்டு, பார்த்ததும் கையில இருந்து ஒண்ணைக் கழிக்கணும். மேல் வரிசையில ஜெயிக்கிறவருக்குப் பாதி பாட் (நடுவுல சேர்ந்த பந்தய சிப்பு), கீழ் வரிசையில ஜெயிக்கிறவருக்குப் பாதி. 'ஓ.எம்.ஆர்.'னு பேரு வச்சிருக்கோம். பெருங்குடி, நாவலூர்னு வேற கூட்டங்களும் இப்ப இதைத்தான் ஆடுது. ஹோல்டம் (கைக்கு ரெண்டு சீட்டு), ஒமாஹா (கைக்கு நாலு) மாதிரி பேர்போன போக்கர் வகைங்க வரிசையில இதையும் சேர்க்கலாம்ல?

மயிலை ஆஸ்:
எதுக்கு தம்பி அவசரம்? இதுல புதுசு எது? ரெண்டு போர்டு பழசு. ஃப்ளாப் பார்த்துட்டுக் கழிக்கிறது கிரேஸி பைனாப்பிள்ங்கற போக்கர் வகை. அஞ்சு சீட்டு ஒமாஹாவும் ஏற்கெனவே இருக்கு. கணக்கையும் பாருங்க. எட்டு பேர் உக்காந்தா கைக்கே 40 சீட்டு, போர்டுக்கு 10, பர்னுக்கு (பொதுச் சீட்டு போடறதுக்கு முன்னாடி காட்டாம ஒதுக்கறது) மூணு. மொத்தம் 53. கட்டுல இருக்கறதே 52!

சோழிங்கநல்லூர் ரிவர்:
ஏழு பேருக்கு மேல உக்கார மாட்டோம் சார். ஹோல்டமும் ஏதோ ஒரு மேசையில ஆரம்பிச்சதுதானே? டெக்சாஸ்ல ராப்ஸ்டவுன்கற சின்ன ஊர்தான் அது பொறந்த இடம்னு அந்த மாநில சட்டமன்றம் தீர்மானம் போட்டதே 2007லதான். அதுக்குள்ள உலகமே ஆடிட்டிருந்துச்சு. சர்டிபிகேட் கடைசியாத்தான் வரும்.

மயிலை ஆஸ்:
நான் சர்டிபிகேட் கேக்கல. நடுவுல நடந்ததைக் கேக்கறேன். 1960கள்ல அது லாஸ் வேகாஸ் போச்சு. 1970ல வேர்ல்ட் சீரிஸ்ங்கற பெரிய போக்கர் போட்டி ஆரம்பம். அந்த வருஷம் ஜெயிச்சவரை ஆட்டக்காரங்களே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தாங்க, அது தனிக் கூத்து. 1971ல இருந்து அதோட மெயின் ஈவென்ட்னா (முக்கியப் போட்டி) நோ லிமிட் ஹோல்டம், பந்தயத்துக்கு உச்சவரம்பு கிடையாது. முன்னப் பின்ன தெரியாதவன் எதிர்ல உக்காந்து சண்டை போடும்போதுதான் விதி கெட்டியாகும்.

ஒமாஹாவை எடுத்துக்கங்க. கையில ஆர்ட்டின் ஆஸ், மத்த மூணும் கறுப்பு. போர்டுல நாலு ஆர்ட்டின். புதுசா வந்தவன் ஃப்ளஷ்னு (அஞ்சும் ஒரே இனம்) சிப்பை இழுக்கப் போவான். கையில இருந்து ரெண்டு, போர்டுல இருந்து மூணு, கூடவும் கூடாது குறையவும் கூடாது. அவனுக்கு ஃப்ளஷ்ஷே இல்ல. எந்த ஊர் மேசையிலும் இதுக்கு ஒரே பதில்தான். உங்க ஆட்டத்துல என்ன பதில்?

பெரம்பூர் ஸ்கூட்:
ஆஸ் அண்ணே, அப்ப ஷார்ட் டெக்கை என்ன பண்றது? 2 முதல் 5 வரைக்கும் எடுத்துட்டு 36 சீட்டுல ஆடறது. ஒரு இனத்துக்கு ஒன்பது சீட்டுதான், ஃப்ளஷ் விழறது கஷ்டம், அதனால ஃபுல் ஹவுஸை (மூணு ஒரே சீட்டு, கூட ஒரு ஜோடி) ஃப்ளஷ் அடிக்கும். சரி, மூணு ஒரே சீட்டு பெருசா, ஸ்ட்ரெயிட் (வரிசையா அஞ்சு) பெருசா? சில மேசையில இது, சில மேசையில அது. அப்படியும் 2019ல வேர்ல்ட் சீரிஸ்லயே அதுக்குப் போட்டி வச்சாங்க. நம்ம ரம்மியில ஸ்கூட் (ஆடாமலே ஆரம்பத்துல விலகறது) 101 பாயிண்ட் பூல் ஆட்டத்துல 20 பாயிண்ட், 201 பூல்ல 25. அதுக்காக ரம்மி ஆட்டமே இல்லைன்னு சொல்வீங்களா? ஆடறவன் இருந்தா ஆட்டம் இருக்கு.

மயிலை ஆஸ்:
வித்தியாசம் இருக்கட்டும்பா. "இங்க ஸ்ட்ரெயிட் பெருசா?"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு உக்காந்துடலாம். ரிவர் ஆட்டத்துல என்ன கேக்கணும்னே தெரியாதே! கண்டுபிடிச்சவர் பக்கத்துல இருந்தாத்தான் ஆட முடியும்.

நாவலூர் ஃபோல்டு:
நாங்களும் ஓ.எம்.ஆர். ஆடறோம். ஆனா டர்ன், அதாவது நாலாவது பொதுச் சீட்டு, பார்த்துட்டுத்தான் கழிப்போம். ஃப்ளாப்லயே கழிச்சா என்ன சுவாரசியம்?

சோழிங்கநல்லூர் ரிவர்:
ப்ரோ, அது எங்க ஆட்டமே இல்ல. யாரு சொல்லிக் குடுத்தா?

நாவலூர் ஃபோல்டு:
உங்க டீம்ல இருந்து எங்க கம்பெனிக்கு மாறி வந்த பையன்தான்.

பெரம்பூர் ஸ்கூட்:
😂 இதுல தப்பில்ல. ஃப்ளாப்புக்கு முன்னாடி கழிச்சா பைனாப்பிள், பின்னாடி கழிச்சா கிரேஸி பைனாப்பிள். நீங்களும் ரெண்டு பேரு வச்சுக்கங்க. பரவறதுதான் கஷ்டம். 2003ல கிறிஸ் மணிமேக்கர்ங்கற அமெரிக்கர் 86 டாலர் ஆன்லைன் போட்டி வழியா நுழைஞ்சு மெயின் ஈவென்டையே அடிச்சார். அந்த வருஷம் 839 பேர், அடுத்த வருஷம் 2,576. இங்க 2025 ஆகஸ்ட் சட்டத்தோட காசு வச்சு ஆடற ஆன்லைன் கதவைச் சாத்தியாச்சு. இனி வீடு வீடாத்தான் போகணும்.

மயிலை ஆஸ்:
போகட்டுமே, ரம்மி அப்படித்தான் போச்சு. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில ஜமுக்காளத்தை விரிச்சா, பொண்ணு வீட்டு ஆளும் மாப்பிள்ளை வீட்டு ஆளும் பேரு கூடக் கேக்காம உக்காந்து 13 சீட்டை அடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. ரிவர் தம்பி, உங்க விதியை ஒரு பக்கத்துல எழுதி அனுப்புங்க. பல்லாவரத்துல என் மச்சான் கூட்டம் இருக்கு. நீங்க யாரும் போகாம அவங்களே ஆடட்டும். சண்டை எங்க வருதுன்னு பாப்போம்.

சோழிங்கநல்லூர் ரிவர்:
எழுதறேன் சார். ஃப்ளாப்லதான் கழிக்கணும்னு முதல் வரியிலயே போட்டுடறேன்.

நாவலூர் ஃபோல்டு:
டர்ன்.