செவ்வாய் மண்ணில் விளைந்த உருளைக்கிழங்கைத் தின்னலாமா?

பாலக்கோடு ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு அருகே ஒரு பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்தி வருகிறேன். செவ்வாயில் தனித்து விடப்பட்ட விண்வெளி வீரர் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கும் ‘தி மார்ஷியன்’ (2015) படத்தை மாணவர்களுக்குத் திரையிட்டோம். முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “அந்த மண்ணில் விளைந்ததைத் தின்னலாமா, ஐயா?” என்று கேட்டாள். தக்காளித் தோட்டத்தில் வளர்ந்த பெண் என்பதால் அவளுக்கு மண்ணைப் பற்றித்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. என்னால் உறுதியாக விடை சொல்ல முடியவில்லை. படத்தின் தொடக்கத்தில் வீரர்களின் ஏவுகலத்தைச் சாய்க்கப் பார்க்கும் புயலிலும் எனக்கு ஐயம் உண்டு.

ஓசூர் வாசகர்:
புயலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செவ்வாயில் காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குதான். காற்று தள்ளும் விசை அதன் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. எனவே அங்கே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, இங்கே 13 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அளவுக்கே தள்ளும். அது மாவிலைகளை அசைக்குமே தவிர ஏவுகலத்தைச் சாய்க்காது. இக்கணக்கை மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பென்னாகரம் வாசகி:
மாணவி கேட்டது மிக நல்ல கேள்வி. 2008இல் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ் ஆய்வுக்கலம், அங்குள்ள மண்ணில் பெர்குளோரேட் உப்புகள் ஏறத்தாழ அரை விழுக்காடு இருப்பதைக் கண்டறிந்தது. தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதை இவ்வுப்பு தடுக்கும். செடியும் இதை நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அந்த மண்ணை அப்படியே பயன்படுத்தி விளைவித்ததைத் தின்னக் கூடாது.

நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கடினமன்று. பாறையிலிருந்து கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சேரும் ஃபுளூரைடு கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை படியும், அளவு மிகும்போது எலும்பும் பாதிக்கப்படும். என் அம்மாவின் பற்களில் அந்தப் பழுப்புக் கறை இன்றும் இருக்கிறது. ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாய் வழியாக ஊர்களுக்குக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். தெளிவாகத் தெரிகிற தண்ணீரிலும் தீங்கு இருக்கலாம் என்பதை வீட்டிலேயே கண்டவர்களுக்குச் செவ்வாயின் மண் எளிதில் விளங்கும்.

பெர்குளோரேட் நீரில் நன்றாகக் கரையும் என்பதால் மண்ணைக் கழுவி எடுக்க வழியுண்டு. ஆனால் படத்தில் அவர் ஹைட்ரசீன் எரிபொருளைச் சிதைத்து, வரும் ஹைட்ரஜனை எரித்துத்தான் தண்ணீரே உண்டாக்குகிறார். பாசனத்துக்கே போதாத அந்த நீரில் மண்ணைக் கழுவுவது எப்படி?

கிருஷ்ணகிரி வாசகர்:
படம் சரியாகக் காட்டியதையும் சொல்லுங்கள். ஒளியின் வேகத்தில் செல்லும் வானொலிச் செய்தி செவ்வாயிலிருந்து பூமிக்கு வரத் தொலைவைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். விடைக்காகக் காத்திருக்கும் அந்த இடைவெளியைப் படம் மதித்திருக்கிறது.

பாலக்கோடு ஆசிரியர்:
மிக்க நன்றி. அடுத்த கூட்டத்தில் ஒரு தொட்டி மண்ணில் அளந்து உப்பைக் கலந்து, அதைக் கழுவி எடுக்க எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று மாணவர்களைக் கொண்டு அளக்கப் போகிறேன். கேள்வி கேட்ட மாணவியே குறிப்பேட்டில் கணக்கு எழுதுவாள்.