மறு: கருவில் தோன்றும் முதல் விஞ்ஞாணம் – தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

கருக்கலைப்பு பற்றிய பௌத்தக் கட்டுரையில், கருவில் தோன்றும் முதல் விஞ்ஞாணத்துக்கு (விஞ்ஞாணம் என்றால் பாலி மொழியில் அறியும் தன்மை) ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தார்கள். அதற்குக் கோபி ஐயா ‘கருப்புகு உயிர்’ என்று தந்திருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘உயிர்’ என்றால் நம்மூரில் ஆன்மா என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பௌத்தம் மறுப்பதே அதைத்தானே? ‘புகு’வும் சரிப்படாது. ஒரே விஞ்ஞாணம்தான் பிறவிதோறும் போய்க்கொண்டே இருக்கிறது என்று சொன்ன ஸாதி என்ற பிக்கு, புத்தரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் (புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயம், 38).

பிக்குகளுக்கான ஒழுக்க விதிநூல் வினய பிடகம். அதில் சங்கத்தை விட்டே நீக்கும் குற்றங்களுக்குப் பாராஜிகம் என்று பெயர். மூன்றாம் பாராஜிகம் மனிதக் கொலை பற்றியது. தாய் வயிற்றில் முதல் விஞ்ஞாணம் தோன்றியதிலிருந்து சாவு வரை மனிதர்தான் என்பது அங்குள்ள விளக்கம். ஒரு பிக்கு கலைப்பதற்கு மருந்து கொடுத்து, கரு கலைந்துவிட்டால் சங்கத்தில் அவருக்கு இடமில்லை. இவ்வளவும் நிற்பது அந்த ‘முதல்’ மேல்தான். அது சொல்லில் இருந்தே ஆக வேண்டும்.

‘சிசு’ வேண்டவே வேண்டாம். சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் என்று இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. சிசு என்று எழுதினாலே அடுத்து கொலை என்றுதான் மனம் ஓடும். வாதம் தொடங்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்.

என் பரிந்துரை: கருமுதலுணர்வு. மணிமேகலை பன்னிரு நிதானங்களில் (ஒன்றிலிருந்து ஒன்று தோன்றும் பௌத்தக் காரணத் தொடர்) விஞ்ஞாணத்தை ‘உணர்வு’ என்றே சொல்கிறது. உறங்குபவர் உணர்வைப் போலப் புலன்களைப் பற்றாதது என்றும் விளக்குகிறது. கருவுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பெருந்துறையில் செவிலியராக இருக்கும் உறவுக்காரப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். “உணர்வுன்னா அதுக்கு வலி தெரியும்னு அர்த்தமுங்களா?” என்றாள். நியாயமான கேள்வி. வலியைக் குறிக்கவில்லை என்று அகராதியில் ஒரு வரி போட்டால் போதும், இதற்காகச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. அவள் “கடைசியா எப்பங்க தலைக்குக் குளிச்சீங்க?” என்று கேட்டு வாரம் எண்ணுகிறவள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தில் வரும் 20, 24 வாரக் கெடுவும் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் அந்தக் கணக்குதான். வினயத்தில் வாரக் கணக்கே இல்லை, முதல் விஞ்ஞாணம் தோன்றுவதுதான் எல்லை. அதனால் காலத்தை மட்டும் சுட்டும் ‘கருவுற்ற கணம்’ என்ற யோசனையையும் விட்டுவிடலாம்.

அப்புறம், சங்யுத்த நிகாயம் என்ற இன்னொரு உரைத் தொகுப்பில் வரும் கருவளர்ச்சிப் படிநிலைகள்: கலலம், அப்புதம், பேசி, கனம். மூன்றாவதை அப்படியே போட்டால் எல்லோரும் கைப்பேசியைத்தான் தேடுவார்கள். ‘தசைத்திரள்’ சரியாக வருமா? மருத்துவர்கள் சொல்லுங்கள்.