கப்பல் தாண்ட அண்டைக்குப் பிறந்தவ: உங்கட வீட்டு மூத்த ஆக்களிட வருசக் கணக்கு எப்பிடி?

தேத்தாத்தீவான்

அம்மம்மாட அந்தியேட்டிக் கிரியை வருது, கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்கக் குடுக்கணும். பிறந்த வருசத்தில மாட்டுப்பட்டு நிக்கிறம். அவ ஒரு வருசத்தையும் இலக்கத்தில சொன்னதில்ல. "வெள்ளத்துக்கு முதல்", "சூறாவளிக்குப் பிறகு", அவ்வளவுதான். தன்ட பிறப்புக்கு மட்டும் "கப்பல் தாண்ட அண்டைக்கு". கையில இருக்கிறது உத்தேச வயதுப் பத்திரம், சூறாவளியில றங்குப்பெட்டியோட எல்லாம் போன பிறகு எடுத்தது. அதில 1944.

வெள்ளைக்காரன்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில தாண்டது, மூழ்கினது, 1942 ஏப்ரல் 9. அவ சொன்ன கதை எனக்குப் பொய்யாத் தெரியல்ல. பூட்டி, அம்மம்மாட தாய், வலியில கிடக்கிறா. வெளிய வெயில் எரிக்குது, ஒரு முகில் இல்ல, இடி மட்டும் கேக்குது. மருத்துவிச்சி கையில வழியிற எண்ணெயோட வாசலுக்குப் போய்க் கடல் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவவாம். பூட்டி ஏசினவவாம்: "இஞ்ச நான் சாகிறன், நீ அங்க என்னத்தக்கா பாக்காய்?" யப்பான் விமானங்கள் அந்தக் கப்பலை அடிக்கத் துவங்கினது காலை பத்தரைக்குப் பிறகு. வெயிலும் சரியா வருது.

மாமா 1944தான் போடணும் எண்டு நிக்கிறார். காணி உறுதிப் பத்திரத்தில பிசகு வருமாம்.

உப்போடைப் புள்ள

எங்கட அப்பப்பா வாவிக்கு மேற்கே படுவான்கரையில போடியார், பெரிய வயல்காரர். காசைப் பூட்டி வெச்சே இழந்த கஞ்சன் எண்டுதான் குடும்பத்தில பேச்சு. அப்பா சொன்ன ஒரு விசயம் எனக்கு மனசை விட்டுப் போகுதில்ல. சூறாவளிக்கு அடுத்த நாள் விடிய, 1978 நவம்பர் 24, அப்பா சின்னப் பொடியன். ஓடெல்லாம் பறந்து, நெல்லுப் பட்டறை கவிண்டு, அதுக்குள்ள இருந்த பிஸ்கட் தகரம் வாய் திறந்து, நூறு ரூபாத் தாள் முற்றமெல்லாம் சேத்தில ஒட்டிக் கிடந்ததாம். ஆரும் பொறுக்கல்ல. அப்பா குனிஞ்சு ஒண்டை உரிச்செடுக்கப் போக, அப்பப்பா "விடு மனே, அது கடதாசி" எண்டவர்.

பிறகு நான் தேடினதில, 1970 கடைசியில நிதியமைச்சர் என்.எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாத் தாளைச் செல்லாதாக்கி, வங்கியில குடுத்து மாத்தச் சொல்லியிருக்கார். கணக்குக் காட்டாத காசை வெளிய இழுக்கத்தான். மறுகா 1972இல காணி உச்சவரம்பு, வயல் 25 ஏக்கர்தான். அந்த நேரம் ஒரு போடியார் வங்கி வாசல்ல காசுக் கட்டோட போய் நிப்பாரா? கஞ்சனில்ல, பயந்த மனிசன். அதெல்லாம் சரி. செல்லாத காசை எட்டு வருசம் ஏன் பத்திரமா வெச்சிருந்தார்?

சம்மாந்துறையான்

நாங்க மட்டக்களப்பிலரிந்து வந்து குடியேறின ஆக்கள் எண்டு எங்கட வீட்டில ஒரு பெருமை. சாட்சி மூத்தாப்பாட காணி உறுதி, "மட்டக்களப்பு மாவட்டம்" எண்டு கிடக்கு. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல. அதுக்கு முந்தி சம்மாந்துறையே மட்டக்களப்பு மாவட்டம்! மனிசன் ஒரு இடமும் அசையல்ல. இங்கினியாகலையில அமெரிக்கன் கொம்பனி அணை கட்டக்க மெசின் பாக்கப் போனதுதான் அவர் போன தூரப் பயணம்.

இதைச் சாச்சிக்குச் சொன்னன். தேயிலை ஊத்தினவ கோப்பை நிறைஞ்சு வழிய வழியப் பாத்துக்கொண்டு, "அப்ப நாம எங்கரிந்து வந்த?" எண்டா. நான் வாய் திறக்கல்ல.

வாவிக்கரை வாத்தியார்

தம்பி தேத்தாத்தீவான், பத்திரத்தையும் நம்பாதீங்க, கதையையும் நம்பாதீங்க. கப்பல் தாண்ட அண்டைக்குப் பிறந்தவங்க எண்டு எங்கட பக்கம் சொல்றவங்களைச் சேத்தா ஒரு பள்ளிக்கூடம் நடத்தலாம். முன்னப் பின்னப் பிறந்தவங்களையும் தாய்மார் அந்தக் கப்பலோட கட்டி விட்டிருக்காங்க. பெரிய சம்பவத்தைக் கேக்கப்படாது, சின்னதைக் கேக்கணும். அவட அண்ணன் தம்பிமாரில ஆர் ஆரை இடுப்பில தூக்கித் திரிஞ்சது? தாய் தகப்பன் கலியாணம் முடிக்கக்க கல்லடிப் பாலம் இருந்ததா, தோணியா? பாலம் 1924. ரயில் வந்திட்டா? அது 1928. பூட்டி வோட்டுப் போட்டவவா? பொம்பிளைகளுக்கு 1931இல இருந்து, வயசு 21. மாசம் தெரியாட்டி கண்ணகை அம்மன் சடங்கைக் கேளுங்க, வைகாசி பிடிபடும். பள்ளிக்கூட அனுமதிப் பதிவேட்டைப் பாருங்க, வயசைக் கூட்டிக் குறைச்சிருந்தாலும் தகப்பன்ட தொழில் இருக்கும். நம்மட பக்கம் குடி, அதான் வம்சப் பிரிவு, தாய் வழி, தகப்பன் பேரைப் பிடிச்சுக்கொண்டு போனா பாதியில நிப்பீங்க.

இன்னொண்டு. இப்ப பொடியன்மார் வம்ச மரம் கீறி, முப்பதுகள்ள காய்ச்சலில செத்த எல்லாருக்கும் "1935 மலேரியாக் கொள்ளைநோய்" எண்டு எழுதுறாங்க. அது வாரிக்கொண்டு போனது கேகாலை, குருணாகல் பக்கம். நம்மட பக்கத்துக்கு மலேரியா ஒரு வருசத்து விருந்தாளி இல்ல, கூடவே இருந்தது. புத்தகத்தில கிடைச்ச வருசத்தைக் கொண்டுவந்து சவத்தில ஒட்டப்படாது.

எங்கட அப்புச்சி 1935இல காய்ச்சலில செத்தவர். எந்தக் காய்ச்சல் எண்டு தெரியாது.

உப்போடைப் புள்ள

சேர், ஆரும் மலேரியாவைப் பற்றிக் கேக்கல்லயே. அவர் கேட்டது கல்வெட்டில என்ன போடுற எண்டு.

தேத்தாத்தீவான்

இடுப்பில தூக்கின கதை உதவிச்சுது, வாத்தியார். அம்மம்மாட தம்பிக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கு, 1945 தை. அம்மம்மா அவரைத் தூக்கித் திரிஞ்சவ. 1944இல பிறந்தவ எப்பிடித் தூக்குற? ஆனா மாமா இன்னும் உறுதியைத்தான் காட்டுறார்.

சம்மாந்துறையான்

கல்வெட்டை அரசாங்கக் கச்சேரியில ஆரும் கேக்கிறல்ல மச்சான். 1942 போடுங்க. மாமாவ உறுதியை அலுமாரிக்குள்ள வைக்கச் சொல்லுங்க.