பொறியியல் கலந்தாய்வு: எட்டாத கல்லூரியை முதலில் போடலாமா?

கேள்வி: தங்கைக்குக் கணிதம் 94, இயற்பியல் 92, வேதியியல் 96; கட்-ஆஃப் (கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாகச் சேர்த்து, 200-க்கு) 188. கிண்டி பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸை முதல் சாய்ஸாகப் போட்டால் கீழே உள்ளவை கைநழுவுமா?

பதில் 1: நழுவாது. ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தருவார்கள். பயந்துபோய் சுமாரான கல்லூரியை மேலே வைப்பதுதான் ஆபத்து, அதுவே கிடைத்துவிடும். பிறகு ‘அப்வேர்ட்’ (பட்டியலில் இன்னும் மேலே உள்ள இடத்துக்கு மாற்றம்) கேட்டாலும் அதற்கு மேலே இருப்பவற்றை மட்டுமே பார்ப்பார்கள். ஏறிவிட்டால் பழைய இடம் போச்சு.

பதில் 2: போன வருஷ கட்-ஆஃபை நம்பாதீங்க, உங்க இடஒதுக்கீட்டுப் பிரிவு ரேங்க்கைப் பாருங்க. 188-லேயே கூட்டமா நிப்பாங்க. முதல்ல கணித மார்க், அப்புறம் இயற்பியல்னு வரிசைப்படுத்துவாங்க.

பதில் 3: படிப்புக் குறியீட்டைக் கவனிங்க. சில அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே படிப்பு இரண்டு குறியீட்டில் இருக்கும்: ஒன்று அரசு உதவி பெறுவது, மற்றது சுயநிதி. சுயநிதிக்குக் கட்டணம் அதிகம்.