மியு கோட்டோவின் புகழ்: பந்தாலா, மேயரின் பல்லாலா?

வேகப்பந்து: நகோயா மேயர் அவரது ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தைக் கடித்திருக்காவிட்டால் ஜப்பான் சாஃப்ட்பால் பந்துவீச்சாளர் மியு கோட்டோவை இணையத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் வயிறு எரிந்தது. 2021 ஜூலை 27, யோகோஹாமா, டோக்கியோ ஒலிம்பிக் சாஃப்ட்பால் இறுதிப் போட்டி, அமெரிக்காவுடன். ஜப்பான் 2–0 முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் ஜப்பானின் மூத்த பந்துவீச்சாளர் யூகிகோ உயேனோவின் பந்தை அமெரிக்கா அடித்து ஒருவர் தளம் சேர்ந்ததும் பந்து யார் கைக்குப் போனது? இருபது வயது கோட்டோவின் கைக்கு. அமெரிக்கா ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

மதுரைவாசி: எழுதியது நான்தான். ஆறாவது இன்னிங்ஸைக் காப்பாற்றியது கோட்டோ அல்ல, களத்தில் நின்ற மானா அத்சுமி. அமெரிக்கா அடித்த பந்து ஜப்பானின் மூன்றாம் தள வீராங்கனையின் கையில் பட்டுத் தெறித்தது. தரையில் விழுமுன் அத்சுமி பிடித்து, இரண்டாம் தளத்துக்கு எறிந்து இரட்டை அவுட் செய்தார்.

வேகப்பந்து: அதற்கு முன் ஒருவர் அவுட் ஆகியிருந்தாரே, அது யார் பந்தில்? அதே ஒலிம்பிக்கில் மெக்சிகோ ஆட்டம் வழக்கமான ஏழைத் தாண்டி எட்டாவது இன்னிங்ஸுக்குப் போனபோது முடித்துவைத்ததும் கோட்டோதான். பந்தைப் பார்க்காமல் மேயரின் வாயை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

மதுரைவாசி: நகரசபைக்கு ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தது ஆகஸ்ட் மாதம், கடித்த பிறகு. அத்சுமி பிடிக்காவிட்டால் ஆறாவது இன்னிங்ஸ் என்ன ஆகியிருக்கும்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

செங்கமலம்: இருவரும் உயேனோவை மறந்துவிட்டீர்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாளில் மூன்று ஆட்டம், 413 பந்துகள். அந்த எண் அவ்வாண்டு ஜப்பானின் புதுச்சொல் விருதிலேயே இடம்பெற்றது. டோக்கியோ இறுதிப் போட்டியின் ஏழாவது இன்னிங்ஸில் திரும்பி வந்து ஆட்டத்தை முடித்தவரும் அவரே.

வேகப்பந்து: அம்மா, 413 பந்தையும் ஒரே நாளில் வீசினார் என்று போன மாதம் எழுதியது நீங்கள்தானே? நான் திருத்தியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

செங்கமலம்: அந்தப் பழைய கதை இங்கே எதற்கு? முதல் நாளில் மட்டும் 318. அமெரிக்காவுடன் 147, ஆஸ்திரேலியாவுடன் பன்னிரண்டு இன்னிங்ஸ், 171. அதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

கடைசிப்பந்து: பேஸ்பாலைவிடச் சுலபமான ஆட்டத்துக்கு இவ்வளவு சண்டையா?

வேகப்பந்து: சுலபமா? பந்து வீசும் தூரம் 43 அடிதான் தம்பி. மட்டை பிடிப்பவருக்கு யோசிக்கவே நேரம் கிடையாது. நின்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். மதுரைவாசி, உங்களிடம்தான் மறுபடியும் கேட்கிறேன்: அந்த முதல் அவுட் யார் பந்தில்?

மதுரைவாசி: இரட்டை அவுட் யார் கையில்?

வேகப்பந்து: கேட்டதற்குப் பதில் இல்லை. எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். கடிபட்ட பதக்கத்துக்குப் பதில் புதிதாக ஒன்று கொடுத்துவிட்டார்கள். அவர் வீசிய பந்துகளை உங்களால் கடிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

மதுரைவாசி: அத்சுமி. அத்சுமி. அத்சுமி.