டவர் இல்லாத ஊரில் கிளியரன்ஸ் வாங்குவது: அமெரிக்காவுக்குப் புதிதாகப் போகும் பைலட் பிள்ளைகளுக்கு

லீவில் தண்டையார்பேட்டை வந்திருக்கிறேன். எதிர்வீட்டுத் தம்பி அடுத்த மாதம் அமெரிக்காவுக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (மேகத்துக்குள்ளும் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி) பயிற்சிக்குப் போகிறான். நேற்று மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது, "அண்ணா, டவரே இல்லன்னா யார்கிட்டண்ணா பர்மிஷன் கேக்குறது?" என்றான். விமானங்களுக்கு அனுமதி தரும் கட்டுப்பாட்டுக் கோபுரம்தான் டவர், அந்த அனுமதிதான் கிளியரன்ஸ். போன புதிதில் இதே சந்தேகம் எனக்கும் இருந்தது. கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். பின்னால் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நமக்கு ஏர்போர்ட் என்றாலே மீனம்பாக்கம்தான் கண்ணுக்கு வரும், டவர் இல்லாத ஏர்போர்ட்டை யோசிக்கவே வராது. அங்கே கதை வேறு. பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத்தளங்கள் சுமார் 5,000 இருக்கின்றன. அவற்றில் டவர் உள்ளவை ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மற்ற இடங்களில் ஒரு ரன்வே, ஒரு பெட்ரோல் பம்ப், காற்றுப் பை, அவ்வளவுதான். வெயிலடிக்கும் நாளில் பொது அலைவரிசையில் நீங்களே சொல்லிவிட்டுக் கிளம்பலாம். மேகத்துக்குள் நுழைய வேண்டிய நாளில்தான், கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் போகும் முன் ஃபிளைட் பிளானும் கிளியரன்ஸும் கையில் இருக்க வேண்டும்.

எங்கே வாங்குவது? முதலில் சார்ட் சப்ளிமென்ட்டில் (ஏர்போர்ட் விவரங்கள் அடங்கிய கையேடு) அந்த ஏர்போர்ட்டின் பக்கத்தைப் பாருங்கள். சில இடங்களில் தரையிலிருந்தே அப்ரோச்சிடம் (சுற்றுவட்டார விமானங்களைக் கவனிக்கும் கன்ட்ரோலர்கள்) ரேடியோவில் கிடைக்கும். சில இடங்களில் மைக் பட்டனைத் தட்டினால் தொலைபேசி வழியாக இணைக்கும் கருவி இருக்கும்: நான்கு தட்டு தட்டினால் கன்ட்ரோலர், ஆறு தட்டினால் ஃபிளைட் சர்வீஸ் (பைலட்டுகளுக்குத் தகவல் தரும் சேவை). இதெல்லாம் இல்லாத இடத்தில் செல்போன்தான். அப்ரோச் அல்லது நெடுந்தூர வழிகளைக் கவனிக்கும் சென்டரின் நேரடி எண் அதே பக்கத்தில் இருக்கும். அது இல்லையென்றால் ஃபிளைட் சர்வீஸின் கிளியரன்ஸ் எண், 1-888-766-8267. ஆமாம், பைலட் போன் போட்டுத்தான் கேட்கிறார். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

எழுதிக்கொள்ள வேண்டியவை ஐந்து என்று பயிற்சியில் சொல்வார்கள்: எதுவரை, எந்த வழி, எவ்வளவு உயரம், எந்த அலைவரிசை, எந்த ஸ்குவாக் (ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்). டவர் இல்லாத இடத்தில் ஆறாவது ஒன்று உண்டு. அதுதான் வாய்ட் டைம், கிளியரன்ஸ் காலாவதியாகும் நேரம். "கிளியரன்ஸ் வாய்ட் இஃப் நாட் ஆஃப் பை ஒன் டூ த்ரீ ஜீரோ" என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். 12:30க்குள் சக்கரம் தரையை விட்டிருக்க வேண்டும். சரியாக 12:30க்குக் கிளம்பினாலும் அந்த கிளியரன்ஸ் செல்லாது. இது ஜூலு நேரம், அதாவது உலகப் பொது நேரம் (UTC), கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிளம்பவில்லையென்றால், வாய்ட் ஆனதிலிருந்து 30 நிமிடத்துக்குள் போன் செய்து சொல்லியே ஆக வேண்டும்.

நான் ஒரு தடவை அப்படிப் போன் செய்து சொல்லாமல் விட்டேன். டெக்சாஸில் ஒரு சின்ன ஊர், காலை நேரம், தாழ்ந்த மேகம். பம்ப் பக்கத்தில் நின்று போனில் கிளியரன்ஸ் வாங்கி, பன்னிரண்டு நிமிட அவகாசத்தோடு ஓடிப்போய் ஏறினேன். ரன்வே முனையில் எஞ்சினைச் சோதித்தபோது ஒரு மேக்னீட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கருவி) தகராறு செய்தது. திரும்பி வந்து மெக்கானிக்கைத் தேடினேன். போன் பைக்குள், பை பின் சீட்டில். முக்கால் மணி நேரம் கழித்து ஏர்போர்ட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் மூச்சிரைக்க ஓடி வந்து, "உன்னைத்தான் தேடுகிறார்கள்" என்றார். எனக்கு ஒதுக்கிய வானத்தில் நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாததால், அங்கே இறங்க வந்த இன்னொரு விமானத்தை மேலேயே வட்டமடிக்க வைத்திருந்தார்கள். அந்த விமானி இறங்கி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தம்பிக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் மாமா காசிமேட்டில் போட் வைத்திருக்கிறார். சொன்ன நாளில் போட் திரும்பவில்லையென்றால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஆள் பத்திரமாக வேறு கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும், சொல்லாதவரை இங்கே தேடத்தான் செய்வார்கள்.

இன்னொரு வழியும் உண்டு: கண்ணுக்குத் தெரியும் வானிலையில் கிளம்பி, மேலே போய் ரேடியோவில் கிளியரன்ஸ் வாங்குவது. நல்ல வானிலையில் தாராளமாகச் செய்யுங்கள். "இன்னும் கொஞ்சம் மேலே போனால் சிக்னல் கிடைத்துவிடும்" என்று மேகத்துக்கு அடியில் தவழ்ந்துகொண்டு மட்டும் செய்யாதீர்கள். கன்ட்ரோலருக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்ச உயரத்துக்கு நீங்கள் ஏறும்வரை மலையையும் கோபுரத்தையும் தவிர்ப்பது உங்கள் பாடு. தரையிலேயே கிளியரன்ஸ் வாங்கினாலும் இதை மறக்கக் கூடாது. அந்த ஏர்போர்ட்டுக்குத் தடை தவிர்க்கும் புறப்பாட்டு முறை அச்சிட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். கிளியரன்ஸ் கிடைத்துவிட்டது என்பதற்காக எதிரே இருக்கும் செல்போன் டவர் ஒதுங்கி நிற்காது.

இறங்கும்போதும் இதே கதைதான். டவர் இருந்தால் பிளானை அவர்கள் முடித்துவிடுவார்கள். இல்லாத இடத்தில் நீங்கள்தான் கேன்சல் செய்ய வேண்டும். அதுவரை கிளியரன்ஸுக்குக் காத்திருக்கும் அடுத்தவர் கிளம்பவும் முடியாது, இறங்கவும் முடியாது. வண்டியைக் கட்டுவதற்கு முன் போனை எடுங்கள்.

மாடியில் தம்பியிடம் பென்சிலைக் கொடுத்து, அமெரிக்க வேகத்தில் ஒரு கிளியரன்ஸ் வாசித்தேன். இரண்டு தடவை வாய்ட் டைமைக் கோட்டை விட்டான். மூன்றாவது தடவை அதை மட்டும் பெரிதாக எழுதி வட்டம் போட்டான், ஸ்குவாக்கைக் கோட்டை விட்டான். பரவாயில்லை, அதைத் திரும்பக் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம், போய் இறங்கியதும் அந்த ஊர் சிம் வாங்கிவிடுங்கள். நம்மூர் சிம் ஓடிபிக்கு மட்டும் இருக்கட்டும். ரோமிங்கில் சிக்னல் தேடிக்கொண்டு நின்றால் பன்னிரண்டு நிமிடம் எங்கே போனதென்றே தெரியாது.